பஸ்ஸுக்குள் அண்ணன் சொன்ன புத்திமதி

என்ர மூத்த பேரன் டொக்டர். அவன் தங்கச்சி வங்கியில் மனேஜர். கடைசிப் பேத்தி இந்த முறை கம்பஸுக்கு எடுபட்டிருக்கிறாள்.

இண்டைக்கு உப்புவெளி பஸ்ஸில் என்ர அண்ணன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "தங்கச்சி, பேரப்பிள்ளையள் முன்னேறிட்டுதுகள். நீதான் அஞ்சாம் வகுப்பிலேயே நிக்கிறாய்."

"ஓம் அண்ணை. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்ச கையோட நான் பெரியபிள்ளையானன். இனிப் பள்ளிக்கூடம் வேண்டாமெண்டு வாசலை மறிச்சது ஆர்?"

"அது அந்தக் காலத்து வழக்கம்."

"நாளைக்கு இங்கிலீஸ் வகுப்பில சேரப்போறன். ஏலுமெண்டா இப்ப வந்து மறியுங்கோ!"



பேரப்பிள்ளையள், உங்கட பட்டமளிப்புப் படங்களை பேஸ்புக்கில போட்டது போதும். நாளைக்கு நான் வகுப்புக்குப் போற படத்தைப் போடுங்கோ. அண்ணன் லைக் போடத் தேவையில்லை, பார்த்தால் போதும்.