குளத்தைக் காத்தவர்களின் பெயர்கள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களும் நண்பர்களும் பெரும்பாலும் அவர் கையால் காபி குடித்தவர்கள். அவர் குணத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளத்தின் கதையை முழுதாக அறிந்தவர்கள் குறைவு என்பதால் அதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குடியிருப்பில். தாத்தாவுக்கு யார்டில் வேலை. வங்காளப் பள்ளியில் படித்த அம்மா, திருமணமாகி கஸ்பாவுக்கு வந்தார். அப்பாவின் மளிகைக் கடை பாலிகஞ்ச் ஸ்டேஷன் அருகே இருந்தது. கடைக்கான வடகம் எங்கள் மொட்டை மாடியில் காய்ந்தது. அப்பா இளவயதிலேயே காலமானார். அதன்பின் கடையை நடத்தியதும், என்னையும் தம்பியையும் வளர்த்ததும் அம்மாதான். தெருவுக்கு அவர் 'மாத்ராஜி பௌதி', அதாவது மதராஸ் அண்ணி.

வீட்டின் பின்னால் ஒரு குளம். தெருவில் பாதிப் பேர் அதில்தான் குளித்தார்கள், துணி துவைத்தார்கள். அதைத் தூர்த்து அடுக்குமாடி கட்ட நினைத்த ஒருவர் லாரி லாரியாக இடிபாடுகளைக் கொட்டத் தொடங்கினார். ஆண்கள் மனு எழுதினார்கள். பெண்களுக்குக் காலையில் சமையல் வேலை. லாரியும் காலையில்தான் வந்தது. எனவே அரிவாள்மணைகளோடு வந்து, குளத்துக்குப் போகும் சந்தின் நடுவில் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். வீட்டில் இடமில்லையா பௌதி என்று ஓட்டுநர் கேட்டார். இங்கேதான் காற்று வருகிறது என்று சொல்லிவிட்டு அம்மா சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்திலும் குடைக்கடியில் நறுக்கல் நடந்தது. கடைசியில் லாரிகள் வருவது நின்றது. மாநகராட்சி குளத்தைத் தூர்வாரிக் கரை கட்டியது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, வார்டில் பெண்கள் ஆற்றிய பணிகளைப் பதிவு செய்யும் திட்டத்தில் அந்தக் கரையில் கல் நாட்ட முடிவாயிற்று. அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து வாசகத்தைப் படித்துக் காட்டினார். மேலே கவுன்சிலரின் பெயர் பெரிய எழுத்தில். அடுத்து, அப்பாவின் பெயரைச் சொல்லி, 'அவருடைய மனைவி'. கீழே, 'மற்றும் பகுதிப் பெண்கள்'.

அம்மாவின் இதயம் அப்போது மிகவும் பலவீனப்பட்டிருந்தது. இந்தக் கல்லைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. ஆனாலும் இப்படி ஒரு கல் வேண்டாம் என்றார். பகுதிப் பெண்கள் என்றால் லாரி முன்னால் உட்கார்ந்தவர்களா, மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்களா என்று கேட்டார். அப்படியானால் கல் செதுக்கத் தொடங்குவதற்குள் ஒவ்வொருவர் பெயரையும் கொடுங்கள் என்று சொல்லி அலுவலர் போனார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"புலுவோட அம்மா பேரு என்னடி?"

எனக்கும் தெரியவில்லை.

"இத்தனை வருஷமா கிண்ணம் கிண்ணமா குழம்பு கொடுத்து வாங்கியிருக்கோம். பேரைக் கேக்கலையே. எந்திரி, கையப் பிடி, போய்க் கேப்போம்."

பக்கத்து வீட்டுப் புலுவின் அம்மா கதவைத் திறந்தார். கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "என் பேரா? அதை ரேஷன் கடையிலதான் கூப்பிடுவாங்க. ஷெஃபாலி. சரி பௌதி, உங்க பேரு என்ன?"

அம்மா சொன்னார். இருவரும் வாசலில் நின்று ஒருவர் பெயரை மற்றவர் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் தெருவில் இதே பேச்சு. வீட்டு வேலைக்குப் போகுமுன் தினமும் வந்து உட்கார்ந்த கோகனின் அம்மா உயிரோடில்லை. நியூ டவுனில் காவலாளியாக இருக்கும் கோகனைத் தொலைபேசியில் பிடித்தோம். ஜமுனா என்றார். நிஜமாகவே கல்லில் போடுவார்களா என்று கேட்டார்.

போட்டார்கள். பெயர்களைப் படித்த கவுன்சிலரம்மா, தம் பெயரைச் சின்ன எழுத்தில் அடியில் போடச் சொன்னார்.

திறப்பு நாளன்று தம்பி அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தான். கவுன்சிலர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அதற்குரியவர் எழுந்து நின்றார். சிலரைத் தெரு அன்றுதான் பெயரோடு பார்த்தது, கைதட்டல் நீண்டது. ஜமுனா என்றபோது கோகன் எழுந்து நின்றார். தம் பெயர் வந்ததும் அம்மா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, எங்கள் உதவி இல்லாமல் எழுந்தார். அடுத்த பெயர் வரும்வரை நின்றார்.

சில வாரங்களில், தம் கட்டிலிலேயே, அமைதியாக அம்மா பிரிந்தார். மருத்துவர்களுக்கும், இறுதிச் சடங்குகளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த, நாங்கள் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஷெஃபாலிக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

நம் வழக்கப்படி இம்மலரில் அவரை அம்மா என்றே எழுதியிருக்கிறேன். அவர் பெயரைப் படிக்க விரும்புகிறவர்கள் கஸ்பாவுக்கு வாருங்கள். யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று சொல்லாமல், அது குளக்கரையில் தனியாக ஒரு வரியில் இருக்கிறது.