குங்குமக் கறைக்கு ஒரு பாலிஷ் மிஷின்

வீட்டிலேயே காரைப் பளபளப்பாக்க ஒரு பாலிஷ் மிஷின் வாங்கலாமென்று அரூருக்குப் போயிருந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் மகள் தீபாவளிக்கு வருகிறாள். மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து அவளை எங்கள் பழைய வெள்ளைக் காரில்தான் கூட்டிவர வேண்டும்.

கடைக்காரர் இரண்டு மிஷின்களை எடுத்து வைத்தார். "பெருசுன்னா சீக்கிரம் முடிஞ்சிருங்க. சின்னது கைக்கு அடக்கம், ஆனா நேரமாகும். கார்ல கறை ஏதாச்சும் இருக்குதா, எங்கெங்க?"

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் பாப்பாதாங்க காருக்குப் பொட்டு வெக்கும். குங்குமம் வெயில்ல காஞ்சு கறையாப் புடிச்சிருச்சு" என்றேன். கறை இருக்கும் உயரத்தை என் உடம்பிலேயே காட்டினேன். "பம்பர்ல இங்க" என்று முழங்காலைத் தொட்டேன். "லைட்டுக்கு மேல இங்க" என்று தொடையைத் தொட்டேன். "பானெட்டுல..." கை இடுப்புக்கு வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "ஏங்க, கறையக் காட்டறீங்களா, பொண்ணு வளந்ததக் காட்டறீங்களா?"

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு வருடமும் தனக்கு எட்டிய உயரத்தில்தானே வைத்திருக்கிறாள்! இத்தனை நாளும் அதை வெறும் கறையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சின்ன மிஷினையே வாங்கினேன்.

ஸ்டேஷன் வாசலில் மகள் காரைச் சுற்றி வந்தாள். "கண்ணாடி மாதிரி இருக்குதுப்பா. பொட்டு வெச்ச எடத்த மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"அத விட்டுட்டு பாலிஷ் போடத்தாம்மா சின்ன மிஷினு வாங்கினேன்."

பம்பரில் இருந்த பொட்டை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்கு அவள் இப்போது நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.