அண்ணன் பின்னிய பட்டுக் குழாய்கள்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு. வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். அண்ணனை இளக்காரம் செய்துவிட்டு இன்று முதல் பந்தியில் உட்காரப்போகும் பெரிய மனிதர்களுக்கும் வணக்கம். இந்த நினைவுத் தாளைப் படித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

அண்ணன் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தொழிலாளியாகப் பேர் பதிந்து, தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்களில் எங்கள் அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சரிடம் நீர் எடுக்க இருந்தது ஒரே ஒரு ரப்பர் குழாய். காய்ந்து விறைத்த அதைத்தான் எல்லாருக்கும் விடுவார். அப்பாவுக்கு இரத்தமாகக் கொட்டியது. "கொஞ்சம் மெதுவான குழாயா பாருங்கய்யா" என்று அண்ணன் கெஞ்சினார்.

"கூலிக்காரன் ஒடம்புக்கு இது போதும்டா. பட்டுலயா செஞ்சு போடச் சொல்ற?" என்றார் அந்தப் படித்த மனிதர்.

அண்ணன் பட்டிலேயே செய்தார். பட்டணத்து ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவர் கொடுத்த பழைய குழாயை அறுத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே பட்டு நூல் பின்னல், மேலே எண்ணெய்ப் பூச்சு. மெல்லிய கம்பியைச் சுற்றி நூலைப் பின்னி, ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிப் பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடி பூசினார். எங்கள் மலைக் குளிரில் பூச்சு காயவில்லை. சூடான காற்று வீசும் வாட்டும் மாடியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்.

தேயிலை எந்த வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். தலையில் பூவோடு வரும் பெண்களை அந்த மாடியிலிருந்து விரட்டுகிறவரே அண்ணன்தான். அப்பாவின் வேதனை அவர் புத்தியை மறைத்துவிட்டது. ருசி பார்த்த துரை எண்ணெய் வாடை என்று துப்பினார். அண்ணன் ஒளிக்காமல் சொன்னார். மறுநாளே மலையில் மழைநீர் வடியும் கான் வெட்ட அனுப்பினார்கள். துரை துப்பிய தேத்தண்ணிக்கு இருந்த மரியாதை அப்பா சிந்திய இரத்தத்துக்கு இல்லை.

குழாயைத் தன் உடம்பில்தான் முதலில் விட்டுப் பார்த்தார். இரண்டு குத்தின. மூன்றாவது வளைந்து கொடுத்துச் சுலபமாகப் போனது. அப்பாவுக்கு அதை விட்டபோது, "வலிக்கலடா ராசா" என்றார் அப்பா. அதன்பின் மூன்று வருஷம் இருந்தார்.

பிறகு டிஸ்பென்சருக்கே நீர் அடைத்தது. குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு எங்கள் லயத்துக்கு வந்தார். "தம்பி, ஒன்னு குடுங்க" என்றார். வாயில் 'டா' வரவில்லை. நானாக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். அண்ணன் கொதிக்கவைத்த தண்ணீரில் கழுவிக் கொடுத்தார்.

மழையில் கான் வெட்டிய அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிஸ்பென்சர் பத்து நாள் சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்தார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. அண்ணன் பிழைக்கவில்லை.

நூல் தந்த கொட்டகலைத் தையல்காரருக்கும், எண்ணெய் தந்த தச்சாசாரிக்கும், பாடை சுமந்த லயத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காரியத்தன்று, "பத்திரமா வைக்கிறேன்" என்று மிச்சமிருந்த ஆறு குழாய்களையும் டிஸ்பென்சர் வாங்கிப்போனார். அவை இன்று அவருடைய கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. வருகிற பெரியவர்களிடம் தானே செய்ததாகக் காட்டுகிறாராம். லயத்துக் கிழவர்களுக்கு இன்னமும் அந்தப் பழைய ரப்பர் குழாய்தான். சாப்பாடு முடிந்ததும் அந்த அலமாரியைத் திறக்கப் போகிறேன். கூட வருகிறவர்களுக்கு இப்போதே நன்றி.