பினாங்கில் அக்காவாக இல்லாமல் இருக்கக் கற்றேன்

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ரயில் என்னைப் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்குப் படகு. கட்டணம் இரண்டு வெள்ளி. ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். கடல் காற்றில் ரயில் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

ஊர் சுற்ற வரவில்லை. நான் திருநெல்வேலியில் மனநல மருத்துவர். தன் அண்ணனை வெட்டிய வழக்கில் சிறையில் இருக்கும் முனியசாமிக்கு, வெட்டிய நேரத்தில் புத்தி தெளிவாக இருந்ததா என்று பார்த்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறது நீதிமன்றம். வைத்தியம் பார்த்துப் பழக்கம் உண்டு. கோர்ட்டுக்காகப் பார்த்ததே இல்லை. அவன் தலையெழுத்தோ என் கையில். திங்கட்கிழமை அவனைச் சந்திக்க வேண்டும். அதற்குள் கற்றுக்கொள்ளத்தான் இந்த இரண்டு நாள் பயிற்சி.

வெள்ளிக்கிழமை காலை. பயிற்சி தருகிற டாக்டர் பிலோமினா பட்டர்வொர்த்காரர். வாசலிலேயே, "பசியாறிட்டீங்களா?" என்றார். காலையில் சாப்பிடுவதை இங்கே பசியாறுவது என்கிறார்கள். என்ன அழகான சொல்!

குற்றம் சாட்டப்பட்டவராக நடிக்க, சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை வேலை பார்க்கும் சரவணன் வந்திருந்தார். கடைக்காரரைக் கம்பியால் அடித்துவிட்டு, காதில் குரல் கேட்டது என்று சொல்லும் ஆள் வேடம். அவர் சொல்வது நீதிபதிக்குப் போகும் என்று விதிப்படி ஒப்பித்துவிட்டு, "சாப்பிட்டீங்களா தம்பி? முகமே வாடியிருக்கே," என்று ஆரம்பித்தேன். கல்லையும் பேசவைப்பவள் என்று என் வீட்டில் கேலி செய்வார்கள். பத்தே நிமிடம்.

"குரலும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. கோவத்துல அடிச்சிட்டேன்," என்று கொட்டிவிட்டார் சரவணன். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

பிலோமினா பாராட்டவில்லை. "சரவணன், நீங்க சொல்றத யாரு படிப்பாங்கன்னு ஞாபகம் இருந்துச்சா?"

"எங்க டாக்டர்! தம்பின்னு கூப்பிட்டாங்க, ஜட்ஜு மறந்துபோச்சு லா. எங்கக்காகிட்ட பேசற மாதிரி இருந்துச்சு." பேச்சின் முடிவில் 'லா' ஒட்டுவது இந்த ஊர்ப் பழக்கம்.

பிலோமினா என் பக்கம் திரும்பினார். "வைத்தியத்துல அது மருந்து. இங்க அது தூண்டில்."

எனக்குச் சுருக்கென்றது. அன்பாகப் பேசினால் குற்றமா? "அப்போ போலீஸ் மாதிரி முறைக்கச் சொல்றீங்களா?" என்று சண்டைக்கே போனேன்.

"மொறைக்க வேணாம் லா. நீங்க யாரு, எதுக்கு வந்திருக்கீங்கன்னு அவங்க வாயாலயே திருப்பிச் சொல்ல வைங்க. அது வரைக்கும் ஒரு கேள்வியும் கேக்காதீங்க."

உர்ரென்ற முகத்தோடு மாலையில் லெபோ பாசார் தெருவில் ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்தேன். தோசை மூன்று வெள்ளி. கடைக்கார அம்மா கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றி, "என்ன தங்கச்சி, மூஞ்சி தொங்கிப்போச்சு? அக்காகிட்ட சொல்லு லா," என்றார். அவ்வளவுதான். மாமியார் கதையில் தொடங்கி, "ஊர்ல ஒரு கேஸுக்கா, சொந்த அண்ணனையே..." வரை வந்துவிட்டேன்! கட்டிய கணவரிடம்கூட ஆஸ்பத்திரி விஷயத்தை மூச்சுவிடாதவள் நான். சட்டென்று வாயில் தோசையை அடைத்துக்கொண்டேன். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, பாசம்தான். ஆனால் பிலோமினா சொன்னது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை மறுபடி சரவணன். இந்த முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். மனிதர் யோசித்து யோசித்துப் பேசினார். கேட்டதில் பாதிக்குப் பதிலே வரவில்லை. பிலோமினா இதுதான் சரி என்று தலையாட்டி, என் பையில் ஒரு பொட்டலம் பயத்தம் பிஸ்கட்டைத் திணித்தார். "பிள்ளைங்களுக்குக் குடுங்க."

ஞாயிறு அதிகாலைப் படகில் ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மூன்றே நாளில் இத்தனை பேர் உறவாகிவிட்ட ஊரை விட்டுக் கிளம்ப மனசே வரவில்லை.

திங்கட்கிழமை, எங்கள் ஊர்ச் சிறை. முனியசாமிக்கு இருபத்துநான்கு வயதுதான் இருக்கும். பார்த்ததும் நெஞ்சு இளகியது. அடக்கிக்கொண்டேன்.

"நான் வைத்தியம் பார்க்க வரல. நீங்க சொல்றதை எழுதி கோர்ட்டுக்குக் கொடுப்பேன். இஷ்டமில்லாததைச் சொல்ல வேண்டாம். இப்போ நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க."

தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பேசுறது பூரா ஜட்ஜய்யாவுக்குப் போவும்."

"ஆமா."

"அப்ப வக்கீலைப் பாத்துட்டுப் பேசுறேன், மேடம்."

கும்பிட்டுவிட்டு எழுந்துபோனான். என் பதினைந்து வருட வேலையில், எதிரே உட்கார்ந்து எதையுமே சொல்லாமல் போன முதல் ஆள் அவன்தான். கதவு வரை கூடவே போய், நிம்மதியாக வழியனுப்பிவைத்தேன்.