ஹீட்டர் முன்னால் காய வைத்த செல்போன்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன நடுநிலைப் பள்ளியில் நடந்தது. நான் அங்கே அறிவியல் ஆசிரியை. வீடு கொடைக்கானல் டவுனில். ஊரே வேலைக்காக டவுனுக்கு வரும் நேரத்தில் நான் மட்டும் காலிப் பஸ்ஸில் எதிர்த்திசையில் போவேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். யாராவது எனக்குப் புத்தி சொன்னால் சுருக்கென்று கோபம் வரும். அதிலும் அறிவியல் விஷயத்தில் சொன்னால் கேட்கவே வேண்டாம். இருபது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவர்களுக்கு இந்த வியாதி சுலபமாக வந்துவிடும்.

அந்த மாதம் பிள்ளைகளுக்கு உலோகங்கள் பாடம். பாட்டரியில் என்ன இருக்கிறது, செல்போன் போர்டில் எங்கே தங்கம் இருக்கிறது என்று சொன்னதும் வகுப்பே வாயைப் பிளந்தது. அந்த உற்சாகத்தில், வீட்டில் கெட்டுப்போய்க் கிடக்கும் எலக்ட்ரானிக் சாமான்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். பத்தே நாளில் வகுப்பறை மூலை நிறைந்துவிட்டது. எறும்பு கூடு கட்டிய செட்டாப் பாக்ஸ், வாய் திறக்காத ரேடியோ, மிக்ஸி மோட்டார், கேரட் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற பாட்டரி ஸ்பிரேயர் எல்லாம் வந்தன. ஒரு பெண் காட்டுமாடு வராமல் இருக்கப் போடும் சோலார் வேலியின் பெட்டியையே அப்பாவோடு சேர்ந்து தூக்கி வந்தாள். செல்போன்கள் மட்டும் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையச் சேர்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதையெல்லாம் எடுத்துப்போக ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார்கள். பண்ணைக்காட்டில் ஒரு ஷெட் வைத்திருக்கிறார். மலையில் ஊர் ஊராகத் தானே ஜீப் ஓட்டிப்போய் இந்த மாதிரி சாமான்களைச் சேகரித்து, தரம் பிரித்து, கீழே சமவெளியில் இருக்கும் மறுசுழற்சிக் கம்பெனிக்கு அனுப்புகிறார். போன் செய்து வரச் சொன்னேன். வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"டீச்சர், பாட்டரி உள்ள சாமானை மட்டும் தனியா எடுத்து வெளிய வச்சிருங்க. சூடு படாம இருக்கணும். வீங்கிக் கெடக்கிற செல்லைத் தொடவே தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கிறேன்."

நான் நோட்டுத் திருத்திக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்றேன். பழைய சாமான் எடுக்க வருகிறவர் எனக்கு வகுப்பு எடுக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. சொன்னதில் பாதி காதிலேயே விழவில்லை. விழுந்த பாதியையும் நான் மதிக்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பைத் திறந்தால் ராத்திரி மழையில் கூரை ஒழுகி, செல்போன் இருந்த அட்டைப்பெட்டி தொப்பலாக நனைந்து கிடந்தது. உள்ளே இருக்கும் நல்ல நல்ல உலோகமெல்லாம் துருப்பிடித்துவிடுமே என்று ஒரு பதற்றம். கொடைக்கானல்காரர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. எது நனைந்தாலும் ஹீட்டர் முன்னால் வைத்துவிடுவோம். சாக்ஸ், போர்வை, தீப்பெட்டி, பரீட்சைத் தாள்கூட அப்படித்தான் காயும். வகுப்பில் என்னுடைய பழைய கம்பி ஹீட்டர் ஒன்று இருந்தது. அதைப் போட்டு, முன்னால் ஒரு புது அட்டையை விரித்து, முப்பது நாற்பது செல்போன்களையும் அப்பளம் காயப் போடுவது போல வரிசையாகப் பரப்பினேன். அதில் இரண்டு மூன்று நன்றாக வீங்கி மூடி பிதுங்கி இருந்தன. அவைதான் அதிகம் நனைந்திருந்தன என்று கம்பிக்குக் கிட்டத்தில் வைத்தேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தொரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பாடம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் லேசாக ஓர் இனிப்பு வாசனை வந்தது. நெயில் பாலிஷ் வாசனை. எனக்குக் கோபம் வந்து, "எவ அது வகுப்புல நகப்பூச்சு போடுறது?" என்று முன் பெஞ்சுப் பெண்களின் கையை எல்லாம் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி விரலிலும் ஒன்றும் இல்லை. அப்படியும் சந்தேகப்பட்டு ஒருத்தியை எழுப்பி நிற்க வைத்தேன். அறிவியல் ஆசிரியையின் லட்சணம் அது.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். ரெயின்கோட்டும் கழுத்தில் மப்ளருமாக, கம்பூட்ஸ் போட்ட ஒல்லியான பெண் இறங்கி வந்தார். பீரியட் முடியட்டும், வராந்தாவில் நில்லுங்கள் என்று கைகாட்டினேன். அவர் வாசலில் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்தார். என் பின்னால் எட்டி ஹீட்டரைப் பார்த்தார். அடுத்த நொடி என்னைக் கேட்காமலே உள்ளே நுழைந்துவிட்டார்.

நான் "என்னம்மா இது" என்று ஆரம்பிப்பதற்குள் அவர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்த முகமாகச் சொன்னார். "புள்ளைகளா, ஜீப்புல ஒரு காந்தம் வச்சிருக்கேன். ரெண்டு பேர் சேந்து இழுத்தாலும் பிரிக்க முடியாது. யாரு மொதல்ல கிரவுண்டுல அந்தக் கடைசி மரத்துக்குப் போறீகளோ, அவுக கையில தாறேன். பையை விட்டுட்டு ஓடுங்க பாப்போம்!"

இருபத்தொன்றும் ஒரே ஓட்டம். நெருப்பு என்றோ ஆபத்து என்றோ ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வந்திருந்தால் அந்தச் சின்ன வாசலில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்திருப்பார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கடைசிப் பிள்ளை படி இறங்கும்போது நான் இன்னும் வாசலில் நின்று, பாட நேரத்தில் என்ன இது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே 'உஸ்' என்று ஒரு சத்தம். பிறகு 'டப்'. வீங்கியிருந்த செல்போன் ஒன்று துள்ளி எழுந்து, ஒரு முழ உயரத்துக்குத் தீ சீறியது. அட்டை பற்றிக்கொண்டது. பக்கத்தில் இருந்தது வெடித்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் வெடித்தது. அதற்கு நேர் எதிரேதான் முன் பெஞ்சு; நான் நகப்பூச்சு என்று நினைத்தது பாட்டரி கசிந்த வாசனை.

என் கை கால் ஓடவில்லை. அவருடையது ஓடியது. முதலில் வராந்தாவில் மெயின் சுவிட்சை இறக்கினார். நான் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, "டீச்சர், தண்ணி வேணாம், கிட்ட வராதீங்க! நீங்க வெரசா புள்ளைககிட்டப் போங்க. புகை அந்தப் பக்கம் போகுது, மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று கத்தினார். மப்ளரை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜீப்பிலிருந்து மணல் டின்னையும் இரும்புச் சட்டியையும் நீளமான இடுக்கியையும் எடுத்து வந்தார். மணலைக் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகச் சட்டியில் போட்டு மூடி, வெளியே மைதானத்துக்குத் தூக்கிப் போனார். மூன்று நடை.

இரண்டாவது நடையில், வராந்தாவைத் தாண்டும்போது சட்டிக்குள்ளேயே ஒன்று வெடித்தது. அவர் இடது மணிக்கட்டில் தீ பட்டதை நான் மேட்டில் நின்று கண்ணால் பார்த்தேன். உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது. ஆனால் சட்டியைக் கீழே போடவில்லை. அந்த இடத்திலிருந்து பத்தடியில் பிள்ளைகளின் பைக்கட்டு அலமாரியும் மரக்கூரையும் இருந்தன. மெதுவாக நடந்துபோய் மைதானத்தின் நட்டநடுவில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கையை உதறினார்.

தீ அடங்கியது. ஒரு பெஞ்சும் கொஞ்சம் தரையும் கருகியதோடு சரி. ஆனால் புகையைப் பார்த்துத் தோட்டங்களிலிருந்து பெற்றோர்கள் மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்துவிட்டார்கள். தலைமை ஆசிரியரும் மற்ற ஆசிரியர்களும் அன்று டவுனில் மீட்டிங்குக்குப் போயிருந்ததால் மற்ற வகுப்புகளுக்கு லீவு. பெரியவர்கள் என்று இருந்தது நாங்கள் இருவர் மட்டும்தான். ஒருத்தி பட்டுச்சேலை கட்டிய டீச்சர். இன்னொருத்தி கரி படிந்த ரெயின்கோட்டில், காலடியில் புகையும் சட்டியோடு நிற்கிறாள். பார்த்தவர்கள் யாரைப் பிடிப்பார்கள்?

"ஏலே, எல்லாரும் வந்துட்டீகளா?" என்று பிள்ளைகளை எண்ணிய ஒரு அப்பா, அதே வேகத்தில் ஜீப்புக்காரப் பெண்ணிடம் திரும்பினார். "என்னத்தைம்மா கொண்டாந்து இங்க வச்ச? புள்ளைக படிக்கிற எடம்னு தெரியாது?"

இன்னொருவர், "இனிமே இந்த ஜீப்பு நம்ம ஊருக்குள்ள வரக் கூடாது. மத்த ஊருக்கும் சொல்லி விடுறேன்" என்றார்.

அந்த வார்த்தையின் கனம் எனக்குத் தெரியும். பழைய சாமான் என்றால் திருட்டுச் சாமானோ என்று சந்தேகப்படுகிற மலை இது. ஒவ்வொரு ஊரிலும் அவர் பேசிப் பேசி, பெயர் வாங்கி, உள்ளே நுழைந்திருக்கிறார். ஒரு ஊர் கதவடைத்தால் சங்கிலிபோல மற்ற ஊர்களும் அடைத்துவிடும். ஷெட்டில் அவரை நம்பி நாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் காலையில் எல்லாம் போய்விடும்.

அவர் சொன்னது ஒன்றுதான். "புள்ளைகளுக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லா எண்ணிப் பாத்துக்கங்க."

என்னைக் கைகாட்டவில்லை. நேற்றே போனில் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் பேசவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேலை, பெயர், நாளைக்கு இதே பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது என்று மனசு கணக்குப் போட்டது. அரை நிமிடம் இருக்கலாம். அவர் அந்த அரை நிமிடமும் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார்.

"அவங்க கொண்டுவரலை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "நான்தான் ஹீட்டர் முன்னால வச்சேன். வேண்டாம்னு நேத்தே போன்ல சொன்னாங்க. நான் கேக்கலை. இவங்க வரலைன்னா இன்னைக்கு உங்க பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும்னு என்னால நெனைக்கவே முடியலை."

கத்திய அப்பா என்னைப் பார்த்த பார்வையை இன்று வரை மறக்கவில்லை. ஆனால் அவரே அந்தத் தீக்காயத்துக்குச் சோற்றுக்கற்றாழை வெட்டிக்கொண்டு வர ஓடினார். ஜீப்புக்காரப் பெண்தான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் வேணாங்கண்ணே, பச்சைத் தண்ணி ஊத்துங்க போதும்" என்று குழாயடியில் போய் வெகுநேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு மேலிடத்திலிருந்து எனக்கு மெமோ வந்தது. அது வர வேண்டியதுதான்.

குழாயடியில் நான் பக்கத்தில் நின்று, "ஏம்மா, நீங்க ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா சண்டையாத்தான் ஆகும் டீச்சர். நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன்."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நேரே பிள்ளைகளிடம் போனார். கடைசி மரத்துக்கு முதலில் ஓடியவன் காத்துக்கொண்டிருந்தானே! பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து அந்தக் காந்தத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார். மிக்ஸி மோட்டாரைப் பிரித்து, உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பியை ஒற்றைக் கையால் நூல் மாதிரி இழுத்துக் காட்டினார். வயரை எரித்தால் சீக்கிரம் செம்பு கிடைக்காதா என்று ஒரு பையன் கேட்டான். "கெடைக்கும்டா ராசா. அந்தப் புகையை யாரு குடிக்கிறது? அதான் நாங்க உரிச்சுத்தான் எடுப்போம்" என்றார். நான் ஒரு வாரமாக நடத்தியதைவிட அந்த அரைமணி நேரத்தில் பிள்ளைகள் அதிகம் படித்தார்கள். அந்த வரிசையில் பிள்ளைகளோடு நானும்தான் நின்றிருந்தேன்.

கிளம்பும்போது கருகிய பாட்டரிகளையும் மணலோடு சேர்த்து டின்னில் அள்ளினார். இது எதற்கு என்றேன். "எரிஞ்சதுனால பாட்டரிக்குள்ள இருக்கிற கோபால்ட்டு எங்கிட்டும் போயிராது டீச்சர். கரியாத்தான் கெடக்கும். கம்பெனியில பிரிச்சு எடுத்துருவாங்க." கெமிஸ்ட்ரி எங்கே படித்தீர்கள் என்று கேட்டதற்கு, "பத்தாங்கிளாஸ்ல அறிவியல்லதான் ஃபெயிலாப் போனேன். அப்புறம் கம்பெனியில டிரெய்னிங் குடுத்தாக" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் லீவு நாளில் பண்ணைக்காட்டுக்குப் போய் அந்த ஷெட்டைப் பார்த்தேன். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. அம்மா அங்கே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். கொழுந்து கிள்ளிய விரல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு என்று தன் விரல்களைக் காட்டினார். அந்த விரல்கள் போர்டு வேறு, செம்பு வேறு, அலுமினியம் வேறு என்று பார்க்காமலே பிரித்துப் போட்டன. அங்கே வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொரு பாட்டரியின் முனையிலும் டேப் ஒட்டி, குழந்தையைப் படுக்க வைப்பது போல மணலில் வைத்தார்கள். நாம் குப்பை என்று வீசியதிலிருந்து மறுபடி ஒரு பொருள் பிறக்க, இத்தனை பொறுமையான கைகள் வேண்டியிருக்கின்றன. எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். "அட, சோலியைப் பாக்க விடுங்க டீச்சர்" என்று கூச்சப்பட்டார்.

இப்போதும் வகுப்பில் ஏதாவது உடைந்தால், தொலைந்தால், யார் செய்தது என்று கேட்கிறேன். உடனே யாரும் பதில் சொல்வதில்லை. முன்பெல்லாம் அந்த மௌனத்தில் ஒருவனைப் பிடித்து எழுப்பிவிடுவேன். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு அரை நிமிடம் காத்திருக்கிறேன், பெரும்பாலும் ஒரு கை தானாகவே உயர்கிறது.