ஜெசிந்தா அக்கா வாங்காத வெயில்

ஜெசிந்தா அக்காவின் கணவர் ஆல்பர்ட் அண்ணனின் போன் வந்தபோது கிடங்கில் லோடிங் நடந்துகொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட்டின் பீப் சத்தத்தில் அவர் குரல் பாதிதான் கேட்டது. "பிரபு, ஜெசி போயிட்டாப்பா" என்றார். மதியம் ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே அக்கா கண் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அக்கா விழுந்து கிடந்த ட்ரெய்லர் நின்ற அதே கதவில் இன்னொரு ட்ரெய்லர் வந்து முதுகைக் காட்டி நின்றது. சுசோக் என்ற கொரியப் பண்டிகை வருவதற்குள் அதுவும் போயாக வேண்டுமாம்.

நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள், "மனசுக்கு நிறைவா எழுதுங்க பிரபு, கம்பெனி விஷயமெல்லாம் வேண்டாமே" என்றார்கள். நல்லவர்கள்தான். ஆனால் சர்ச்சில் ஜெசிந்தா அக்காவோடு சேர்ந்து பாடிய உங்களில் பலருக்கும், பொங்கல் விழாவில் அவர் கையால் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கும், பகல் முழுக்க அவர் எங்கே நின்றார் என்று தெரியாது. அந்தப் பகலை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

டெக்சாஸில், ரவுண்ட் ராக்குக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது எங்கள் கிடங்கு. ஒரு கொரியக் கம்பெனியின் இயந்திரப் பாகங்கள் இங்கே வந்து, இங்கிருந்து போகின்றன. எந்தப் பெட்டி எந்த ட்ரெய்லரில் போக வேண்டும் என்று மாடியில், ஏசி அறையில் உட்கார்ந்து முடிவு செய்வது என் வேலை. கீழே நின்று அதை ஏற்ற வைப்பது அக்காவின் வேலை. கல்யாணத்துக்கு முன் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் வேலை பார்த்தவர். சுமை ஏற்றுகிற இடம் அவருக்குப் புதிதில்லை. எங்களுக்குள் பேச்செல்லாம் வாக்கிடாக்கியில்தான். "ஜெசிந்தா அக்கா" என்றால் அடுத்த நொடியே "சொல்லுலே" என்று வரும். எத்தனை தரம் கூப்பிட்டாலும் வரும். சலிப்போடு வரும், சிரிப்போடு வரும், வாயில் தோசையோடு வரும். வராமல் இருந்ததில்லை.

கீழே சுவரில் இரண்டு காலண்டர்களைப் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒன்று அமெரிக்காவுடையது, இன்னொன்று கொரியாவுடையது. அமெரிக்கா ஜூலை நாலு கொண்டாடும்போது கொரியா வேலை செய்யும். கொரியா குழந்தைகள் தினத்துக்கு மூடினால் அமெரிக்கா திறந்திருக்கும். ஒருவர் தூங்கும்போது இன்னொருவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நாங்கள். எங்கள் பண்டிகை எந்தக் காலண்டரிலும் சிவப்பில் இல்லை என்பதால் எங்களைக் கேட்காமலே அன்றைக்கும் வேலை போட்டுவிடலாம். புத்தாண்டை விட்டால் கிறிஸ்துமஸ் மட்டும் இரண்டிலும் சிவப்பு. "இயேசு ஒருத்தர்தாம்லே நமக்கு லீவு வாங்கித் தந்திருக்காரு" என்பார் அக்கா. கொரியாவில் அக்டோபரில் அவர்களுடைய எழுத்துக்கென்று ஒரு விடுமுறை உண்டு. அது தெரிந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எழுத்துக்கு லீவு விடுதானுவலே! நம்மாளுவ தமிழு தமிழுன்னு மைக்கைப் பிடிச்சு மூணு மணி நேரம் கத்துவானுவ, ஒரு அரை நாள் விட்டிருப்பானுவளா?" அந்த விடுமுறை நாளிலும் நாங்கள் வேலைக்கு வந்திருந்தோம்.

கொரியப் புத்தாண்டு அன்று கேன்டீனில் ஒரு சூப் தருவார்கள். வெள்ளை வெளேரென்று அரிசி வில்லைகள் மிதக்கும். ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயது கூடும் என்பது அவர்கள் கணக்கு. மேனேஜர் ஹான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா இரண்டாவது கிண்ணத்தை நீட்டிவிட்டார். "ரெண்டாப் போடுங்க சார். சீக்கிரம் வயசாகி ரிட்டயர் ஆயிருதேன்." எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது கிண்ணத்தையும் வாங்கி, "இது என் முதுகுவலிக்கு" என்றார். இந்த வருடம்தான் அது.

அதற்கு அடுத்த பண்டிகையைப் பற்றித்தான் இப்போது எல்லோரும் பேசுகிறீர்கள். அடக்கத்தின்போதே என் காதில் விழுந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அவர்களுடைய புத்தாண்டு கழிந்து வரும் முதல் பௌர்ணமிக்கு தேபோரம் என்று பெயர். அன்று விடிவதற்கு முன் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் "என்ன?" என்று கேட்டுவிட்டால், "என் வெயிலை வாங்கிக்கோ" என்று சொல்லிவிட வேண்டும். அந்த வருடத்துக் கோடையில் கூப்பிட்டவருக்கு உஷ்ணம் தாக்காது. பதில் சொன்னவர் தலையில் அவருடைய வெயிலும் சேர்ந்து இறங்கும். தப்பிக்க வேண்டுமென்றால் வாயே திறக்கக் கூடாது. ஹானுக்கு ஐம்பது வயதிருக்கும். குடும்பம் கொரியாவில் இருக்கிறது. குளிர் விடாத அந்தக் காலையில் பையன்போல் ஓடிவந்து முதலில் என்னைக் கூப்பிட்டார். "யெஸ்?" என்றேன். வெயிலை விற்றுவிட்டுக் கைதட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கிடங்கு முழுக்க விளையாட்டு பரவிவிட்டது. யார் கூப்பிட்டாலும் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் முரளி, சென்னைக்காரர், படியில் நின்றபடி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மிகேலைக் கூப்பிட்டார். மிகேல் அதையும் விளையாட்டென்று நினைத்து, பல்லைக் காட்டிக்கொண்டே வண்டியைப் பின்னால் எடுத்தான். பின்னால் ஒரு ஆள் நின்றிருந்தார். அக்கா போட்ட சத்தத்தில் வண்டி நின்றது. நின்ற இடத்துக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி.

"ஹார்பர்ல ஒருத்தன் பேரைக் கூப்பிட்டா பதில் வரணும்" என்றார் அக்கா. முதலில் தமிழில், பிறகு எல்லோருக்கும் புரிய ஆங்கிலத்தில். "பதில் வரலேன்னா கிரேன் நிக்கணும். ஏன் வரலேன்னு போய்ப் பாக்கணும். இங்கயும் அதான்." அப்புறம் ஹான் பக்கம் திரும்பி, "மிஸ்டர் ஹான், யாருக்கெல்லாம் வெயில் விக்கணுமோ என் பேரைக் கூப்பிட்டு வித்துக்கோங்க. நான் பதில் சொல்லுதேன். மத்தவன் வாயைத் திறக்கட்டும், வேலை நடக்கட்டும்" என்றார். வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் "சொல்லு, சொல்லு" என்று பதில் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து, "தூத்துக்குடிக்காரிட்டயே வெயில் விக்குதானுவ பாருலே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஜூலையில் கிடங்கின் பெரிய மின்விசிறி நின்றுபோனது. டெக்சாஸ் ஜூலையில் ட்ரெய்லரின் உட்புறம் எப்படி இருக்கும் என்று நிறுத்தி வைத்த காரில் ஏறுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குக் காரில் ஏசி போட்டுக்கொள்ள முடியும். ஆகஸ்ட் பதினைந்து கொரியாவுக்கும் விடுதலை நாள். ஹான் அரிசிப் பலகாரம் கொண்டுவந்தார். அக்கா ரவா லட்டு கொண்டுவந்தார். "ஒரே தேதில ரெண்டு பேருக்கும் சுதந்திரம். இப்ப ரெண்டு பேரும் டெக்சாஸ்ல நின்னு வேகுதோம்" என்றார். லட்டு டப்பாவோடு நேராக முரளியிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

"முரளி சார், ஃபேனைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா ரெண்டு கூலர் வாடகைக்கு எடுங்க. பிள்ளையளுக்குத் தலை சுத்துது."

"அக்கா, அப்ரூவல் கேட்டிருக்கேன். சுசோக் ஷிப்மென்ட் முடியட்டும், கண்டிப்பா பண்ணிடலாம்."

"சுசோக் முடிஞ்சா வெயிலும் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் கூலர் எதுக்கு, மீன் வைக்கவா?"

முரளி லட்டை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

சுசோக் என்பது அவர்களுடைய அறுவடைத் திருநாள். இறந்தவர்களுக்குப் படைத்துக் கும்பிடுகிற நாள். அதற்காகக் கொரியாவில் தொழிற்சாலை பல நாள் மூடும். மூடுவதற்கு முன் எல்லாப் பாகங்களும் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதால் கடைசி வாரம் இங்கே யாரும் நிமிர முடியாது. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் கையில் இருக்கிற ட்ரெய்லரை முடித்துவிட்டுப் போக வேண்டும் என்று புது விதி வந்தது. அந்த வாரத்தில் ஒரு மதியம், மிகேல் வாக்கிடாக்கியில் "ஜெசிந்தா" என்றான். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். இல்லை. கிரேன் நிற்க வேண்டிய இடம் அது. ஆனால் முரளியின் குரல்தான் வந்தது: "பாத்ரூம் போயிருப்பாங்க. கன்டினியூ, கன்டினியூ." நான் மாடியிலிருந்து ஓடினேன். ட்ரெய்லருக்குள், பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தார். தோல் காய்ந்து கொதித்தது. வியர்வையே இல்லை. வாக்கிடாக்கி கையில் இருந்தது. அதிலிருந்து யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்ததாகக் கம்பெனி சொல்கிறது. ஆல்பர்ட் அண்ணனுக்குத் தெரியாத கோளாறு அது. அடக்கத்தன்று அவர்களுடைய மகள் ரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். பதினேழு வயது. அழவில்லை. "ஷி ஆல்வேஸ் பிக்ஸ் அப், அங்கிள்" என்றாள். போனை அம்மா எப்போதும் எடுத்துவிடுவார் என்கிறாள். கையில் அவள் போன் இருந்தது. அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சுசோக்குக்கு முந்தின நாள் கம்பெனியின் பரிசுப் பெட்டிகள் வந்தன. உள்ளே டின் இறைச்சியும் சமையல் எண்ணெயும். ஹெச்.ஆர். பெண் வேலைக்குப் புதியவள், பட்டியலைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள். "ஜெசிந்தா" என்றாள். யாரும் அசையவில்லை. தலையைத் தூக்காமல் இன்னொரு முறை சத்தமாகக் கூப்பிட்டாள். அப்போதும் யாருமே அவளிடம் சொல்லவில்லை. மிகேல் போய் அந்தப் பெட்டியை வாங்கி, திறக்காமல், இரண்டு காலண்டர்களுக்கும் கீழே வைத்தான்.

மறுநாள் காலை அதன் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. ஹான் வைத்தது. பிறை மாதிரி மடித்த அவர்களுடைய கொழுக்கட்டை நாலு, ஒரு ஆப்பிள், ஐஸ் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று. அவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் குனிந்து நின்றிருந்தார். "நான் விற்றேன், அவர் வாங்கினார்" என்றார் ஆங்கிலத்தில். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "வெயிலை யாராலும் விற்க முடியாது சார். ஃபேன் வாங்க முடியும். அதைத்தான் யாரும் வாங்கவில்லை" என்றேன். நிமிராமலே தலையாட்டினார்.

இதை உங்களுக்கும் சொல்கிறேன். "அன்னைக்கு எல்லாருக்கும் பதில் சொன்னாங்களாமே, அதான் இப்படி" என்று அடக்கத்தில் பேசியவர்களுக்கு. அந்தக் கதை முரளிக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போகிற இடமெல்லாம் சொல்கிறார். அதில் பௌர்ணமி இருக்கிறது, விதி இருக்கிறது. நின்றுபோன விசிறி இல்லை.

அரசாங்கத்தின் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி வரும் திங்கட்கிழமை எங்களை விசாரிக்க வருகிறார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுவார்களாம். நேற்று முரளி என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிரபு, உன் கிரீன் கார்டு பைல் பண்றது நம்ம கம்பெனிதான். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"மிரட்டல் இல்லப்பா. தம்பி மாதிரி நினைச்சுச் சொல்றேன். நீ மாடில இருந்தே. உனக்கு என்ன தெரியும்? தெரியாதுன்னு சொல்லு, முடிஞ்சு போச்சு. அக்கா திரும்பியா வரப்போறாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் என் பெயரைக் கூப்பிட்டுப் பேசினார், ஆனால் அது கூப்பிடுவதாக எனக்குப் படவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள், பயணப் பெட்டிகளெல்லாம் எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டாள். வேலை போனால் அறுபது நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். குழந்தையின் ஸ்கூலைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. வாக்கிடாக்கியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சுவரிலிருந்து இரண்டு காலண்டர்களையும் அதிகாரி வருவதற்கு முன்பே கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது. விசிறி புதிதாக ஓடுகிறது, மூன்று கூலர்கள் வந்துவிட்டன. அப்ரூவல் ஒரே நாளில் கிடைத்திருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, பெயரைக் கூப்பிட்டால் பதில் வர வேண்டும் என்ற அந்த ஒரு விதிதான். திங்கட்கிழமை அந்த அறையிலிருந்து "பிரபு" என்று கூப்பிடுவார்கள்.

சொல்லுவேன் அக்கா.