டிராக்டர் சேனலில் என் படபடப்பைச் சொன்ன கதை

மானாம்பதிப் பக்கம் நெல் வைக்கிறவன் நான். யூடியூபில் ஒரு டிராக்டர் சேனலும் நடத்துகிறேன். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்குப் பிளேடு மாற்றுவது, சேற்றுக்கு இரும்புச் சக்கரம் மாட்டுவது, இதெல்லாம்தான் வீடியோ. படம் பிடிப்பதும் எடிட்டிங்கும் என் மனைவி. அத்தை மகள், கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னை ‘மாமா, நீ’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு சம்பாவுக்குச் சேறு ஓட்டிக்கொண்டிருந்தபோது, நல்ல வெயிலில், எனக்கு நெஞ்சு அடைத்தது. படபடவென்று அடித்துக்கொண்டது. செத்தேன் என்றே நினைத்தேன். உத்திரமேரூரில் இ.சி.ஜி. எடுத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் அந்தப் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தது. டிராக்டர் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கடைசியில் காஞ்சிபுரத்தில் மனநல டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். பதற்ற நோய், சரியாகிவிடும் என்றார் அந்த அம்மா. டாக்டரோடு பேச்சு, மூச்சுப் பயிற்சி, மாத்திரை என்று சில மாதம் போனது. மறுபடி வண்டியில் ஏறிய அன்று என் மனைவி வயலுக்கே பாயசம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் வீடியோ போடாத மாதங்களில், “அண்ணே, எங்க போய்ட்டீங்க?” என்று ஆட்கள் கேட்டபடியே இருந்தார்கள். நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

“சொல்லு மாமா. ஆனா டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்லு,” என்றாள் அவள்.

டாக்டருக்குச் சந்தோஷம். “உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. மாத்திரை பேரு மட்டும் வேணாம். எங்க போய் உதவி கேக்கலாம்னு கட்டாயம் சொல்லுங்க. சொல்ல மனசில்லாத விஷயத்தை, யார் கேட்டாலும் சொல்லாதீங்க.”

இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைச் சுவர் முன்னால் நின்றேன். “அன்பார்ந்த நேயர்களே, மனநலம் என்பது…” என்று ஆரம்பித்ததும் போன் குலுங்கியது. அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா மாமா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா? போய் வண்டிய பாரு.”

பழைய லுங்கியோடு, பிளேடு போல்ட்டை முடுக்கிக்கொண்டே பேசினேன். பேச்சு தானாக வந்தது. வீடியோ முகப்பில் வைக்கும் தம்ப்நெயில் படம் செய்து தரும் நண்பன், நான் அழுகிற மாதிரி ஒரு படம் கேட்டான். அப்போதுதான் ஆட்கள் பார்ப்பார்களாம். “இவுரு இப்ப நல்லாத்தான கீறாரு? நல்லா கீற மூஞ்சியே போடுங்க,” என்று முடித்துவிட்டாள் அவள்.

வீடியோ போட்டதும் என் போனையும் வாங்கிக்கொண்டாள். கமெண்டை முதலில் அவள் படிப்பாள், பிறகுதான் நான். ‘வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு’ என்று ஒருவர் எழுதியதை அவளே அழித்துவிட்டாள். வெகுநாள் கழித்துத்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

தென்னேரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘அண்ணே, எனக்கும் அப்படியே இருக்குது. மாத்திரை பேரு போடுங்க, கடையில வாங்கிக்கிறேன்.’ படித்ததும் மனசு இளகிவிட்டது. பெயரில் என்ன வந்துவிடப் போகிறது, பாவம் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து, ‘பேரு சொல்ல மாட்டேன் தம்பி, கோச்சுக்காத. டாக்டரப் பாரு. மொதல்ல வூட்டுல சொல்லு’ என்று எழுதினேன்.

பதிலே வரவில்லை. கோபித்துக்கொண்டானோ, என்ன ஆனானோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

அறுவடை சமயத்தில் ஒரு காலை, ஒரு பைக் எங்கள் வாசலில் வந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியும். வண்டியில் பை நிறைய ஏரி மீன்.

“அண்ணே, மாத்திரை பேரு கேட்டேனே, அது நான்தான்,” என்றான் அவன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி முந்திக்கொண்டாள். “நல்லவேள நீங்க சொல்லல அண்ணே. டாக்டராண்ட இட்டுக்கினு போனேன். ரத்தம் எடுத்துப் பாத்தா, இவருக்குத் தைராய்டாம்! படபடப்பே அதாலதானாம். உங்க மாத்திரய முழுங்கிக்கினு இருந்தா இன்னாத்துக்கு ஆவும்?”

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அந்தப் பார்வையில் அவ்வளவு பெருமை. நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நால்வரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.

“நானும் உங்க சேனல்ல பேசட்டுமா அண்ணே?” என்று கேட்டான்.

“பேசலாம். இப்ப சந்தோஷத்துல கேக்கற. வூட்டுக்குப் போய் நல்லா யோசிச்சிட்டுச் சொல்லு,” என்றேன்.

அதற்குள் இரண்டு பெண்களும் மீனோடு கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். குழம்புக்கு மாங்காய் போடுவதா வேண்டாமா என்று அங்கே பெரிய சண்டை. மாங்காய் போட்டார்கள். நான் மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.